‘வெரி’ என்ற சொல்லின் பழைய பொருள் ‘மெய்’: வரலாறும் வழக்கும்

கேள்வி இதுதான்: ‘வெரி குட்’ என்பதில் வரும் ‘வெரி’க்கு ‘மிக’ என்று பொருள் என்றால், ‘திஸ் வெரி டே’ என்பதில் அந்தச் சொல் என்ன செய்கிறது? அது எந்த மொழியிலிருந்து வந்தது? ‘வெரி குட்’ சரியாக இருக்கும்போது ‘வெரி பெட்டர்’ மட்டும் ஏன் தவறாகிறது?

மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான். ‘வெரி’ ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கு ‘மிக’ என்ற பொருளே கிடையாது. ‘மெய்யான’, ‘உண்மையான’ என்பதுதான் பொருள். அப்போது அது பெயருக்கு முன்னால் நிற்கும் பெயரடை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் அது மெல்ல நகர்ந்து, இன்னொரு பெயரடையின் அளவைக் கூட்டிச் சொல்லும் வினையடை ஆனது. பழைய வேலையையும் அது முழுக்க விட்டுவிடவில்லை. இன்று நமக்குக் குழப்பம் தரும் இடங்கள் பெரும்பாலும் இந்த இரட்டை வாழ்க்கையால் வந்தவை.

பிறப்பிடம் லத்தீன். ‘வேருஸ்’ என்றால் மெய்யானது. அதிலிருந்து ‘வேராக்ஸ்’, அதாவது மெய் பேசுகிறவர். பேச்சு லத்தீனில் இது ‘வேராகுஸ்’ என்று திரிந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் கணிக்கிறார்கள். எழுத்தில் அந்த வடிவம் கிடைக்கவில்லை. அது பழைய பிரெஞ்சில் ‘வெராய்’ ஆயிற்று. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. அந்த வழியாக 13ஆம் நூற்றாண்டில் ‘வெர்ரை’ என்ற உருவில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பிரெஞ்சில் கடைசி அசையில் விழுந்த அழுத்தம் ஆங்கில வழக்கப்படி முதல் அசைக்கு மாறியது. அழுத்தம் இழந்த ‘ரை’ தேய்ந்து ‘ரி’ ஆனது. இன்றைய பிரெஞ்சில் அதே சொல் ‘வ்ரே’ என்று சுருங்கி, இன்னும் ‘உண்மை’ என்ற பொருளிலேயே நிற்கிறது. ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டில் ஒன்று பொருளைக் காப்பாற்றியது, மற்றது மாற்றிக்கொண்டது.

இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தால் மெய்ப்பொருள் பளிச்சென்று தெரியும். ‘வெரிஃபை’ என்றால் மெய்யா என்று சரிபார்ப்பது. ‘வெர்டிக்ட்’ என்ற நீதிமன்றச் சொல்லைப் பிரித்தால் ‘மெய்யாகச் சொன்னது’ என்று வரும். ஜெர்மனில் உண்மைக்கு ‘வார்’ என்கிறார்கள். ரஷ்ய மொழியில் ‘வேரா’ என்றால் நம்பிக்கை. பெண்களுக்கு அதையே பெயராகவும் வைக்கிறார்கள். ஆங்கிலத்துக்கே பூர்வீகமான ஒரு கிளையும் இருந்தது: பழைய ஆங்கிலத்தில் ‘வார்’ என்றால் வாக்கு, உடன்படிக்கை. அது தனியாக மறைந்துபோய், மந்திரவாதியைக் குறிக்கும் ‘வார்லாக்’ என்ற சொல்லின் முதல் பாதியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தச் சொல்லின் முதற்பொருள் வாக்குத் தவறியவன்.

இனி, மெய் எப்படி மிகுதி ஆனது? ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ‘கேன்டர்பரி டேல்ஸ்’ நூலின் முன்னுரைப் பாட்டில் ஒரு வீரனைப் பற்றி ‘ஹி வாஸ் எ வெர்ரை, பார்ஃபிட் ஜென்டில் நைட்’ என்று ஓர் அடி வருகிறது. இன்றைய வாசகர் இதை ‘மிகக் குறையற்ற பண்பாளன்’ என்று படித்துவிடுவார். இன்றைய பதிப்பாசிரியர்கள் ‘வெர்ரை’க்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போடுகிறார்கள். அது தற்செயலாகப் போட்டதல்ல. மெய்யான வீரன், குறையற்ற வீரன், பண்புள்ள வீரன் என்று மூன்று பெயரடைகள் தனித்தனியாக ‘நைட்’ என்ற பெயரைத்தான் தழுவுகின்றன. அதே முன்னுரையில் மருத்துவரைப் பற்றிப் பேசும்போதும் ‘வெர்ரை, பார்ஃபிட்’ என்ற அதே ஜோடி வருகிறது. அவர் மெய்யான, தேர்ந்த மருத்துவர்.

சாசருக்கு ‘மிக’ என்று சொல்ல வேண்டியிருந்தால் என்ன செய்தார்? அதற்கும் அந்த முன்னுரையிலேயே சான்று இருக்கிறது. கன்னிமடத் தலைவி வழிபாட்டுப் பாடலை மிக நன்றாகப் பாடினாள் என்னுமிடத்தில் ‘ஃபுல் வெல்’ என்கிறார். ‘ஃபுல்’, அதாவது நிறைய. ஆக, அவர் கையில் மிகுதிக்கு வேறு சொல் இருந்தது. ‘வெர்ரை’ மெய்யைச் சொல்ல ஒதுக்கப்பட்டிருந்தது.

இப்போது அந்த அடியிலிருந்து காற்புள்ளியை எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்தக் காலக் கையெழுத்துப் பிரதிகளில் இன்றைய முறையில் காற்புள்ளி கிடையாது. ‘மெய்யான குறையற்ற வீரன்’ என்ற தொடரில் ‘மெய்யான’ வீரனைத் தழுவுகிறதா, ‘குறையற்ற’ என்பதைத் தழுவுகிறதா? இரண்டு விதமாகவும் எடுக்கலாம். முதல் வகையில் அவன் மெய்யான வீரன். இரண்டாம் வகையில் அவன் மெய்யாகவே குறையற்றவன். கேட்பவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டாலும் பேசியவரின் கருத்து பெரிதாக மாறிவிடாது. அதனால் யாரும் திருத்தவில்லை. இப்படி ஆயிரம் வாய்களில் புழங்கியபோது ‘பெயரடைக்கு முன்னால் வரும் வெரி, அந்தப் பெயரடைக்கே உரியது’ என்ற உணர்வு நிலைத்தது. ‘மெய்யாகவே பெரியது’ என்று ஒருவர் சொன்னால், அதை நம்பாதவரும் ‘அப்படியென்றால் ரொம்பப் பெரிதுதான்’ என்று புரிந்துகொள்வார். நாளடைவில் மெய் வற்றி, பெரிது என்ற அழுத்தம் மட்டும் தங்கியது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘மிக’ என்ற பொருள் எழுத்தில் தெளிவாகவே தெரிகிறது.

இரண்டு பொருளும் அக்கம்பக்கமாக வாழ்ந்த காலத்தைப் பார்க்க 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தை விடச் சிறந்த இடம் இல்லை. ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், படைத்ததெல்லாம் ‘வெரி குட்’ என்று வருகிறது. இது நாம் அறிந்த ‘வெரி’. அதே ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தில் கண் மங்கிய ஈசாக்கு, தன் முன்னால் நிற்பவன் மூத்த மகன்தானா என்ற சந்தேகத்தில், தடவிப் பார்க்க அவனை அருகே அழைக்கிறார். அங்கே ‘மை வெரி சன் ஈசா’ என்று இருக்கிறது. ‘என் மிக மகன்’ என்று யாரும் சொல்ல முடியாது. மெய்யாகவே என் மகன் ஏசா, தமிழில் சொன்னால் ‘ஏசாதானா நீ’ என்பதுதான் கேள்வி. நின்றவன் யாக்கோபு என்பதால் அந்த ஒரு சொல்லின் மேல்தான் கதையே தொங்குகிறது. கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணத்தின் பழைய ஆங்கில வடிவத்தில் வரும் ‘வெரி காட் ஆஃப் வெரி காட்’ என்பதும் இதே வகை: மெய்யான தேவனிலிருந்து வந்த மெய்யான தேவன். அதன் லத்தீன் வடிவத்தில் அந்த இடத்தில் ‘வேருஸ்’தான் நிற்கிறது.

‘வெரி’யோடு ‘லி’ சேர்த்து ‘வெரிலி’ என்று ஒரு முறையான வினையடையும் இருந்தது. ‘வெரிலி, வெரிலி, ஐ சே அன்டு யூ’ என்பதைத் தமிழ் வேதாகமம் ‘மெய்யாகவே மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்’ என்று தருகிறது. ஒரு வகையில் இருவரும் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள்: ‘மெய்யாகவே’ என்ற பொருளை ‘வெரிலி’ எடுத்துக்கொண்டது, ‘மிக’ என்ற பொருளை ‘லி’ இல்லாத மொட்டை ‘வெரி’ எடுத்துக்கொண்டது. ‘வெரிலி’ பின்னால் வழக்கொழிந்தது. ‘வெரி’க்குப் பெயரடையாக இருந்த காலத்தில் ‘வெரியஸ்ட்’ என்ற உச்ச வடிவம்கூட உண்டு. பழைய உரைநடையில் ‘தி வெரியஸ்ட் ஃபூல்’ என்று பார்த்தால் ‘வடிகட்டின முட்டாள்’ என்று பெயர்த்துக்கொள்ளலாம்.

‘வெரி’க்கு முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்வீதெ’ என்ற சொல் ஆட்சி செய்தது. அதன் முதற்பொருள் ‘வலிமையாக’. அது மங்கியபோது ‘வெல்’, ‘ஃபுல்’, ‘ரைட்’ ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தபடி மாறி மாறி வந்தன. 16ஆம் நூற்றாண்டில் ‘வெரி’ அனைத்தையும் முந்தியது. ‘ஸ்வீதெ’ சுவடில்லாமல் போய்விட்டது. மற்றவை மூலைமுடுக்குகளில் உயிரோடு இருக்கின்றன: ‘யூ நோ ஃபுல் வெல்’, ‘வெல் அவேர்’, ‘ரைட் ஆனரபிள்’. இந்தத் தொடர்களை ‘நிறைய’, ‘நன்றாக’, ‘வலது’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கக் கூடாது. மூன்றிலும் பொருள் ‘மிக’ என்பதே.

இந்த இடமாற்றம் தமிழுக்கும் புதிதல்ல. ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று நன்னூல் ஆறு உரிச்சொற்களை மிகுதிக்குத் தருகிறது. அவற்றில் எதையாவது இன்று வீட்டுப் பேச்சில் கேட்க முடியுமா? ‘சாலச் சிறந்தது’ என்று மேடையில் ஒலிப்பதோடு சரி. அந்த இடத்தை இன்று ‘ரொம்ப’ பிடித்திருக்கிறது. அது ‘நிரம்ப’ என்பதன் திரிபு. சாசரின் ‘ஃபுல்’ எந்த வழியில் வந்ததோ, நம் ‘ரொம்ப’வும் அச்சு அசலாக அதே வழியில் வந்திருக்கிறது.

மிகுதிச்சொற்கள் எந்த மொழியிலும் சில குறிப்பிட்ட ஊற்றுகளிலிருந்தே வருகின்றன. நிறைவு ஓர் ஊற்று. அச்சம் இன்னொன்று: ஆங்கிலத்தின் ‘டெரிப்ளி’யும் ‘ஆஃபுலி’யும், தமிழின் ‘பயங்கரமா நல்லா இருக்கு’ம். வலி மற்றொன்று: ஜெர்மனில் ‘மிக’ என்பதற்கான ‘ஸேர்’, ஆங்கிலத்தில் புண்ணையும் நோவையும் குறிக்கும் ‘சோர்’ என்பதன் உடன்பிறப்பு. டச்சு மொழியில் ‘ஸேர்’ என்ற ஒரே சொல் இன்றும் வலியையும் மிகுதியையும் குறிக்கிறது. கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் மேய்ப்பர்கள் ‘சோர் அஃப்ரெய்ட்’ ஆனார்கள் என்றால், மிகவும் பயந்தார்கள் என்று பொருள். எல்லை கடத்தல் என்பதும் ஓர் ஊற்று: பிரெஞ்சின் ‘த்ரே’, ‘அப்பால்’ எனப் பொருள்படும் லத்தீன் ‘ட்ரான்ஸ்’ என்பதன் வழி வந்தது. நம் ‘மிக’வும் மிகுதல், விஞ்சுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. மெய் என்ற ஊற்றிலிருந்து வந்தவர்கள் ‘வெரி’, ‘ரியலி’, ‘ட்ரூலி’. சென்னைப் பேச்சின் ‘மெய்யாலுமே’யையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ‘லிட்டரலி’ இப்போது இதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. ‘எழுத்துக்கு எழுத்து’ என்று தொடங்கிய சொல் வெறும் அழுத்தமாகத் தேய்வதைப் பார்த்துப் பலர் வருந்துகிறார்கள். ‘வெரி’க்கு நடந்ததும் அதுவேதான். நடந்து முடிந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால் யாருக்கும் உறுத்தவில்லை.

சரி, ‘திஸ் வெரி டே’க்கு வருவோம். ‘வெரி’க்குப் பின்னால் நேரடியாகப் பெயர்ச்சொல் வந்தால் அது பழைய பெயரடை. ‘மெய்யான’ என்ற பொருள் அங்கே கொஞ்சம் கூர்மையாகி, ‘வேறல்ல, அதுவேதான்’ என்று சுட்டுகிறது. தமிழில் இதற்குத் தனிச்சொல் தேவையில்லை. ஏகாரமோ ‘தான்’ என்பதோ போதும். ‘திஸ் வெரி மொமென்ட்’ என்றால் இந்த நொடியே. ‘தி வெரி சேம் மேன்’ என்றால் அதே ஆள்தான். ‘தி வெரி தாட் ஆஃப் இட்’ என்றால் அதை நினைத்தாலே. ‘ஹிஸ் வெரி வேர்ட்ஸ்’ என்றால் அவர் சொன்ன அதே வார்த்தைகள். ‘அட் தி வெரி எண்ட்’ என்னும்போது கடைக்கோடியில். மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ‘மிக’ என்று எழுதத் தோன்றினால் கையை நிறுத்தி, அடுத்த சொல் பெயரா பெயரடையா என்று ஒரு முறை பார்த்தால் போதும்.

இந்தப் பயன்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ‘வெரி’க்கு முன்னால் ‘தி’, ‘திஸ்’, ‘தட்’, ‘மை’, ‘ஹிஸ்’ போல ஒன்றைச் சுட்டிக் காட்டும் சொல் இருக்க வேண்டும். ‘எ வெரி டே’ என்று சொல்ல முடியாது. எந்த நாள் என்று சுட்டாமல் ‘அதே நாள்’ என்று அழுத்த முடியாது அல்லவா?

அடுத்தது ‘வெரி பெட்டர்’. தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கு இந்தப் பிழை வருவதற்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. ‘ரொம்ப’ எல்லா வேலையையும் செய்யும்: ரொம்ப நல்லது, ரொம்பப் பிடிக்கும், ரொம்பப் பேர், அதைவிட இது ரொம்ப மேல், ரொம்ப சூடு, வாய் வைக்க முடியவில்லை. ஆங்கிலம் இந்த ஐந்தையும் வேறு வேறு சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. ‘வெரி’க்குக் கிடைத்தது முதலாவது மட்டும், அதாவது மாற்றமில்லாத பெயரடையும் வினையடையும்: ‘வெரி குட்’, ‘வெரி ஸ்லோலி’. வினைகளும் ஒப்பீடுகளும் ‘மச்’ என்பதன் பிடியில் இருந்தன. பெயருக்கு முன் நின்ற பெயரடையிலிருந்து பிறந்து, பக்கத்துப் பெயரடைக்குத் தாவிய ‘வெரி’ அந்த எல்லையைத் தாண்டிப் போகவில்லை.

அதனால் ஒப்பீட்டு வடிவத்துக்கு முன்னால் ‘மச் பெட்டர்’, ‘ஃபார் பெட்டர்’, பேச்சில் ‘எ லாட் பெட்டர்’. ‘வெரி மச் பெட்டர்’ சரியே, ஏனென்றால் அங்கே ‘வெரி’ தழுவுவது ‘மச்’சை, ‘பெட்ட’ரை அல்ல. உச்ச வடிவத்தில் நிலைமை வேறு: ‘தி வெரி பெஸ்ட்’, ‘தி வெரி லேட்டஸ்ட்’, ‘தி வெரி ஃபர்ஸ்ட்’ எல்லாம் நல்ல ஆங்கிலம். இங்கே இருப்பது சுட்டி அழுத்தும் பழைய ‘வெரி’. ‘இதுதான் சிறந்தது’ என்ற பொருள். ஆனால் இது ‘பெஸ்ட்’, ‘லேட்டஸ்ட்’ போன்ற ஒற்றைச் சொற்களோடு மட்டும் சேரும். ‘தி வெரி மோஸ்ட் பியூட்டிஃபுல்’ என்று நீட்டினால் ஒட்டாது. அங்கே ‘பை ஃபார் தி மோஸ்ட் பியூட்டிஃபுல்’ என்பதே வழக்கு. ‘டிஃபரன்ட்’ ஒரு விதிவிலக்கு. ‘வெரி டிஃபரன்ட்’ என்பது இயல்பு. ஆனால் உள்ளுக்குள் ஒப்பீட்டுப் பொருள் இருப்பதால் ‘நாட் மச் டிஃபரன்ட்’ என்றும் சொல்லலாம்.

வினைக்கு முன்னால் தனி ‘வெரி’ நிற்காது. ‘ஐ வெரி லைக் இட்’ என்பது ‘எனக்கு ரொம்பப் பிடிக்கும்’ என்பதன் நேர் நகல். ‘ஐ லைக் இட் வெரி மச்’ என்று கடைசியில் வைக்க வேண்டும், அல்லது கொஞ்சம் முறைசார்ந்த நடையில் ‘ஐ வெரி மச் லைக் இட்’. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே செருகுவது இன்னொரு பிழை: ‘ஐ லைக் வெரி மச் திஸ் புக்’ என்றால் கேட்பவருக்கு உடனே தட்டும். நேர் எதிர்ப் பிழையும் உண்டு. ‘ஐ ஆம் வெரி மச் ஹாப்பி’ என்று ‘மச்’ சேர்ப்பது மரியாதை கூடியதுபோல் தோன்றலாம். ‘ஹாப்பி’ பெயரடை என்பதால் ‘வெரி’ மட்டும் போதும்.

வினையிலிருந்து பிறந்த பெயரடைகள்தான் உண்மையிலேயே சிக்கலான பகுதி. ‘வெரி டயர்ட்’, ‘வெரி இன்ட்ரஸ்டட்’, ‘வெரி வரீட்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். ‘வெரி கிரிட்டிசைஸ்ட்’ என்றால் உதைக்கிறது. ‘டயர்ட்’ முழுப் பெயரடையாகவே மாறிவிட்டது. ‘கிரிட்டிசைஸ்ட்’ இன்னும் வினையின் செயப்பாட்டு வடிவம்தான். எளிய சோதனை ஒன்று: அந்தச் சொல்லை ‘ஹி சீம்ஸ்’ என்பதற்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். ‘ஹி சீம்ஸ் டயர்ட்’ இயல்பாக ஒலிக்கிறது, ‘வெரி’ போடலாம். ‘ஹி சீம்ஸ் கிரிட்டிசைஸ்ட்’ ஒலிக்கவில்லை, ‘மச் கிரிட்டிசைஸ்ட்’ அல்லது ‘வைட்லி கிரிட்டிசைஸ்ட்’ என்று எழுதுங்கள். ‘பை’ போட்டு யார் செய்தது என்று சொல்ல வேண்டியிருந்தாலும் வினைத்தன்மை மேலோங்கும், அப்போது ‘வெரி’யைத் தவிர்ப்பது நல்லது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘வெரி ப்ளீஸ்ட்’ என்பதைக்கூடத் தவறு என்று இலக்கணக்காரர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டிப்பு இன்று செல்லாது. ‘ப்ளீஸ்ட்’ எப்போதோ முழுப் பெயரடை ஆகிவிட்டது.

‘அ’ ஒலியில் தொடங்கி வினைமுற்றுக்குப் பின்னால் மட்டும் வரும் பெயரடைகள் சிலவும் ‘வெரி’யோடு முரண்டு பிடிக்கும். ‘வெரி அவேக்’ என்பதைவிட ‘வைட் அவேக்’, ‘வெரி அஸ்லீப்’ என்பதற்குப் பதில் ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’, ‘வெரி அலைவ்’ என்பதற்குப் பதில் ‘வெரி மச் அலைவ்’. ‘அஃப்ரெய்ட்’, ‘அஷேம்ட்’ போன்றவை ‘வெரி’யை ஏற்கும்.

அளவிட முடியாத பண்புகளோடு ‘வெரி’ சேராது என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். ‘எக்ஸலன்ட்’, ‘ஃபியூரியஸ்’, ‘எனார்மஸ்’ போன்றவை ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவை. அவற்றுக்கு முன்னால் ‘அப்சொல்யூட்லி’, ‘அட்டர்லி’ போன்ற முழுமைச் சொற்கள்தான் பொருந்தும். ‘வெரி யூனிக்’ பற்றிய சண்டை நெடுநாளாக நடக்கிறது. ‘யூனிக்’குக்கு ‘ஒன்றே ஒன்று’ என்ற பொருள் மட்டும் இருந்தால் அது தவறு. ‘அபூர்வமான’ என்ற பொருளில் பலர் சொல்லும்போது ‘வெரி’ அங்கே பொருளோடுதான் நிற்கிறது. ஆனாலும் தேர்விலும் விண்ணப்பத்திலும் எழுத வேண்டாம். திருத்துபவர் பெரும்பாலும் முதல் கட்சியைச் சேர்ந்தவராக இருப்பார். ‘வெரி ட்ரூ’ என்பதை யாரும் குறை சொல்வதில்லை. சொற்பிறப்பின்படி பார்த்தால் அது ‘மெய்யான மெய்’.

‘வெரி’க்கும் ‘டூ’வுக்கும் உள்ள வேறுபாட்டை விட்டுவிட முடியாது, ஏனென்றால் ‘ரொம்ப’ இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ‘தி வாட்டர் இஸ் வெரி ஹாட்’ என்றால் நல்ல சூடு, ஆனால் குளிக்கலாம். ‘டூ ஹாட்’ என்றால் சூடு எல்லை மீறிவிட்டது, குளிக்க முடியாது. ‘டூ’வுக்குப் பின்னால் சொல்லாமல் விட்ட ஒரு ‘முடியாது’ எப்போதும் ஒளிந்திருக்கும். அதனால் வேலைக்கு ஒருவரைப் பரிந்துரைத்து எழுதும்போது ‘ஹி இஸ் டூ சின்சியர்’ என்று பாராட்டாக எழுதினால், வேறு நாட்டில் படிப்பவர் ‘அளவுக்கு மீறி’ என்ற குறையாக எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே ‘வெரி’தான் வேண்டும்.

‘நாட்’ முன்னால் வந்தாலும் ஒரு பொறி இருக்கிறது. ‘நாட் வெரி குட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘மிக நன்று என்று சொல்ல முடியாது, ஓரளவு நன்று’ என்று ஆக வேண்டும். வழக்கில் அப்படி அல்ல. நன்றாக இல்லை என்பதையே நாசூக்காகச் சொல்லும் முறை அது. ‘ஷி இஸ் நாட் வெரி வெல்’ என்று தகவல் வந்தால் அவருக்கு உடம்பு சரியில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாக வரும் ‘வெரி வெல்’ என்ற பதிலும் பாராட்டு அல்ல. ‘சரி, ஆகட்டும்’ என்ற ஒப்புதல். சொல்லும் தொனியைப் பொறுத்து அதில் கொஞ்சம் மனமின்மையும் இருக்கலாம்.

பேச்சில் ‘வெரி’யின் பிடி தளர்ந்து வருகிறது. இங்கிலாந்தின் யார்க் நகர மக்களின் பேச்சை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த ஆய்வில், முதியவர்களிடம் ‘வெரி’ ஓங்கியிருந்தது, இளையவர்களிடம் ‘ரியலி’ முந்தியிருந்தது. ‘ரியலி’யும் மெய்யின் ஊற்றிலிருந்து வந்ததுதான். ஒரு மெய் தேய்ந்தால் இன்னொரு மெய் வந்து உட்கார்கிறது. எழுத்தில், குறிப்பாக அலுவலக நடையில், ‘வெரி’ இன்னும் உறுதியாகவே நிற்கிறது.

எழுத்தில் ‘வெரி’யை அறவே ஒழியுங்கள் என்ற அறிவுரையை ஆங்கில நடைப் பாடங்களில் அடிக்கடி கேட்கலாம். அதில் பாதிதான் நியாயம். ‘வெரி’க்கு நிலையான அளவு கிடையாது என்பதுதான் அதன் குறை. சில துறைகளில் மட்டும் அதற்குத் துல்லியமான எல்லை உண்டு. வானொலி அலைவரிசைகள் ஓர் எடுத்துக்காட்டு. ‘ஹை ஃப்ரீக்வென்சி’ என்றால் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ். முன்னால் ‘வெரி’ சேர்ந்து ‘விஎச்எஃப்’ ஆனால் 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ். கீழ்ப் பக்கம் ‘லோ’ 30 முதல் 300 கிலோஹெர்ட்ஸ், ‘வெரி லோ’ 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ். அங்கே ஒரு ‘வெரி’க்குப் பத்து மடங்கு. பொதுவான எழுத்தில் அப்படிப்பட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லாததால், அறிக்கையில் ‘வெரி ஹெவி’ என்று எழுதுவதைவிட ‘40 கிலோ’ என்று எழுதினால் படிப்பவருக்குப் பயன். எண் தெரிந்த இடத்தில் எண்ணைப் போடுங்கள். பொருத்தமான ஒற்றைச்சொல் இருந்தால் அதைப் போடுங்கள். ‘வெரி டயர்ட்’ என்பதற்கு ‘எக்ஸாஸ்டட்’ எப்போதும் மாற்று ஆகிவிடாது. பின்னது துவண்டு விழும் நிலை. களைப்பு மட்டும்தான் என்றால் ‘வெரி டயர்ட்’தான் சரியான அளவு.

நன்றி சொல்லும் இடத்தில் அதை வெட்டவே வேண்டாம். ‘தேங்க் யூ வெரி மச்’ கடிதத்திலும் நேரிலும் எவரிடமும் பொருந்தும். அதற்குப் பதிலாகச் சிலர் போடும் ‘தேங்க்ஸ் எ லாட்’, குரல் சற்று மாறினால் குத்தலாக ஒலிக்கும். எழுத்தில் குரல் கேட்காது என்பதால், முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது ‘வெரி மச்’சையே வைத்துக்கொள்ளுங்கள்.